பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் ஒரு கேள்வி: எழுதுவது முதல் விடை பெறுவது வரை

இலங்கைப் பாராளுமன்ற நேரலையில் இதைப் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கௌரவ சபாநாயகர் அவர்களே, மூன்றாவது வினா" என்று மட்டும் சொல்கிறார். கேள்வியை வாசிப்பதில்லை. அன்றைய நிகழ்ச்சிநிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. அமைச்சரும் எழுந்து, தயாராக வைத்திருக்கும் தாளிலிருந்து விடையை வாசிக்கிறார். பார்ப்பவருக்கு இது வெறும் சடங்காகத் தோன்றலாம். உண்மையான வேலை அதற்கு வாரக்கணக்கில் முன்பே, கேள்வி எழுதப்பட்டபோதே நடந்து முடிந்துவிட்டது. சரியாக எழுதப்பட்ட கேள்வியிலிருந்து அமைச்சு நழுவுவது கடினம். பிழையாக எழுதப்பட்டதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லி முடித்துவிடலாம்.

உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், தங்கள் பகுதிப் பிரச்சினையைச் சபைக்குக் கொண்டுபோக நினைக்கும் சங்கங்களுக்கும் இந்தச் செய்முறை. உதாரணத்துக்குக் கொழும்பு வடக்கில் ஒரு மாடிவீட்டுத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். லிஃப்ட் பழுதாகி மாதங்கள் ஆகின்றன, பதினோராம் மாடியில் வயதானவர்கள் முடங்கிக் கிடக்கிறார்கள்.

1. கேள்விதான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

லிஃப்ட் ஓட வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் பாராளுமன்றக் கேள்வி மெதுவான வழி. அறிவித்தல் கொடுத்த, அதாவது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வி வரிசையில் காத்திருந்து சபைக்கு வர மாதங்களும் ஆகலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலோ, அமைச்சுசார் ஆலோசனைக் குழுவிலோ உறுப்பினர் விடயத்தை எழுப்பினால், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அங்கேயே இருப்பார்கள். பல நேரங்களில் அந்த மேசையிலேயே காரியம் முடிந்துவிடும்.

கேள்வி வேறொன்றுக்குப் பயன்படும். இந்தத் தொகுதியில் மட்டுமல்ல, எல்லாத் தொகுதிகளிலும் பராமரிப்புப் பணம் எங்கே போகிறது, குடியிருப்பாளரிடம் அறவிடுவது பற்றி அரசாங்கத்தின் கொள்கை என்ன என்பதை அமைச்சரின் வாயால் சொல்லவைத்து, சபை நடவடிக்கைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் பதிவாக்குவதற்கு. அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்று அரசியலமைப்பின் 42 ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தப் பொறுப்பு எழுத்தில் விழும் இடங்களில் இது ஒன்று.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

எதையும் அறியாமல் கேட்கப்படும் கேள்விக்கு எதையும் சொல்லாத விடைதான் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

பராமரிப்பு ஒப்பந்தத்தின் பிரதி, செலவு விபரம், நீங்கள் கொடுத்த முறைப்பாட்டுக் கடிதங்களின் திகதி எல்லாம் கையில் இருக்கவேண்டும். இவை கிடைத்துவிட்டால் கேள்வியில் அதே எண்களைத் திரும்பக் கேட்டு இடத்தை வீணாக்காதீர்கள். அமைச்சர் ஒருவரே சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: கொள்கை, தீர்மானம், முடிவுத் திகதி.

3. எந்த அமைச்சர்?

புதியவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். மாடிவீடு என்றால் நகர அபிவிருத்தி அதிகாரசபையாக இருக்கலாம், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையாக இருக்கலாம். பொதுப் பகுதிகளின் நிர்வாகத்தில் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் பங்குண்டு. குப்பையும் வடிகானும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. நான்கையும் ஒரே கேள்வியில் அடைத்தால் ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டும்.

எந்த நிறுவனம் எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்பது வர்த்தமானியில் வெளியாகிறது. அரசாங்கம் மாறும்போதும் அமைச்சரவை மாற்றப்படும்போதும் இதுவும் மாறும். போன வருடத்துக் கேள்வியைப் பார்த்து அமைச்சரின் பதவிப் பெயரைப் பிரதி பண்ணாதீர்கள்.

மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயங்களில் இன்னொரு சிக்கல். தேசிய பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ், மற்ற அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். கொழும்பில் தமிழ்மொழி மூல ஆசிரியர் வெற்றிடம் பற்றிக் கேட்கும்போது இரண்டையும் கலந்துவிட்டால், மாகாணத்திடமிருந்து விபரம் வரவேண்டும் என்று சொல்லி விடயம் இழுபடும். தேசிய பாடசாலைகளைத் தனிக் கேள்வியாக்குங்கள்.

4. கேள்வியை எழுதுங்கள்

வாய்மூல விடைக்கான வினாவுக்கு ஒரு நிலையான அச்சு உண்டு. நமது உதாரணம் அதில் இப்படி வரும் ('அவர்' என்பது கேட்கப்படும் அமைச்சர்):

(அ) (i) கொழும்பு வடக்கிலுள்ள (பெயர்) வீடமைப்புத் தொகுதியில் பொருத்தப்பட்டுள்ள மின்தூக்கிகளின் எண்ணிக்கை யாது;
(ii) 2025.06.30 ஆம் திகதியன்று அவற்றில் இயங்கும் நிலையில் இருந்தவை எத்தனை;
(iii) 2022 முதல் 2024 வரை அவற்றின் பராமரிப்புக்குச் செலவிடப்பட்ட தொகை ஒவ்வோர் ஆண்டுக்கும் வெவ்வேறாக எவ்வளவு;
(iv) திருத்த வேலைகள் தாமதமானதற்கான காரணங்கள் யாவை;
என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) (i) பராமரிப்புச் செலவைக் குடியிருப்பாளரிடம் அறவிடுவது தொடர்பாக அமைச்சரவைத் தீர்மானம் அல்லது சுற்றறிக்கை உள்ளதா;
(ii) ஆமெனில், அதன் திகதியும் இலக்கமும் யாவை;
(iii) திருத்த வேலைகள் நிறைவடையும் திகதி யாது;
என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(இ) இன்றேல், ஏன்?

கடைசி வரியைப் பாருங்கள். அறிவிக்காவிட்டால் ஏன் என்றுதான் அது கேட்கிறது. எந்தக் கேள்வியிலும் அது இருக்கும். புதியவர்கள் தங்கள் உண்மையான 'ஏன்' அதற்குள் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அடங்குவதில்லை. மேலே உள்ளவற்றுக்கு அமைச்சர் ஏதாவது ஒரு விடை கொடுத்துவிட்டால், (இ)க்கு 'எழவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். தாமதத்தின் காரணம் தெரியவேண்டுமானால் அதை (அ)(iv) போலத் தனி இலக்கத்தில் போடவேண்டும்.

எண்கள் கேட்கும் இடத்தில் 'வெவ்வேறாக' என்பதை விட்டால் மூன்று வருடச் செலவும் ஒரே கூட்டுத்தொகையாக வந்து சேரும். திகதி குறிப்பிடாமல் 'தற்போது' என்று எழுதினால், விடை தயாரித்த நாளா, வாசித்த நாளா என்று தெரியாத ஓர் எண்ணிக்கை வரும். 'நடவடிக்கை எடுப்பாரா' என்று மட்டும் கேட்டால் 'ஆம்' என்று விடை வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

கொள்கை பற்றிக் கேட்கும்போது 'அரசாங்கத்தின் நிலைப்பாடு என்ன' என்பது சொற்பொழிவுக்கு அழைப்பு. தீர்மானத்தின் திகதி, சுற்றறிக்கை இலக்கம், பயனாளிகளைத் தெரிவுசெய்த அளவுகோல், அதை அங்கீகரித்த பதவி என்று கேளுங்கள். கொள்கை இருந்தால் இவையும் இருக்கும். இவை இல்லையென்றால் கொள்கையே இல்லை என்பது விடையிலேயே தெரிந்துவிடும்.

வாதம், அபிப்பிராயம், தனிநபர் மீதான குற்றச்சாட்டு, 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்ற கற்பனை, நீதிமன்றத்தில் விசாரணையிலுள்ள விடயம் ஆகியவை கேள்வியில் இருந்தால் அது நிராகரிக்கப்படலாம் அல்லது வெட்டப்படலாம். 'மக்களை ஏமாற்றும் இந்தத் திட்டம்' என்று தொடங்கும் கேள்வி முகநூலில் நன்றாக ஓடும், ஒழுங்குப் பத்திரத்துக்கு வராது.

தமிழிலேயே எழுதுங்கள். தேசிய மொழிகளில் எதிலும் பாராளுமன்றத்தில் பணியாற்ற உறுப்பினருக்கு அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது, மொழிபெயர்ப்பைச் செயலகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் விடை தயாரிக்கும் அதிகாரி பெரும்பாலும் சிங்களப் பிரதியைத்தான் வாசிப்பார். தொகுதியின் பெயர், வீதியின் பெயர், நிறுவனப் பெயர் ஆகியவற்றைச் சிங்கள எழுத்திலும் இணைத்துக் கொடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் வேறு தொகுதியின் கணக்கு விடையாக வந்து சேரலாம்.

5. அறிவித்தல் கொடுத்தல்

உறுப்பினரின் கையொப்பத்துடன் எழுத்துமூலம் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்திடம் கேள்வி போகிறது. எந்தத் தேர்தல் மாவட்ட உறுப்பினரும் கேட்கலாம். கொழும்புப் பிரச்சினைக்குக் கொழும்பு உறுப்பினர்தான் வேண்டும் என்றில்லை, ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினரும் கேட்கலாம். கேள்விக்கு ஆண்டுடன் கூடிய ஓர் இலக்கம் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள், இனி எல்லாமே அந்த இலக்கத்தின் கீழ்தான்.

பாராளுமன்றம் கலைந்தால் கேட்கப்படாத கேள்விகள் அத்துடன் சரி. கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டாலும் புதிதாக அறிவித்தல் கொடுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் பல நல்ல கேள்விகள் யாரும் கவனிக்காமல் காணாமற்போகின்றன.

6. கேட்கும் நாள்

மூன்றில் ஒன்று நடக்கும்.

அமைச்சர் விடையை வாசிக்கலாம். அல்லது 'விடை நீளமானது, சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்' என்று தாளை வைத்துவிடலாம். அப்போது முழு விடையும் ஹன்சாட்டில் அச்சாகும், ஆனால் அந்த நிமிடத்தில் உறுப்பினருக்கு அதைப் படிக்க நேரம் இராது. மூன்றாவது, அமைச்சர் சார்பில் ஆளுங்கட்சியின் பிரதம கொறடா எழுந்து இரண்டு வாரமோ ஒரு மாதமோ கால அவகாசம் கேட்பார், கேள்வி இன்னொரு நாளுக்குப் போய்விடும்.

அதற்குப் பின் வரும் இடையீட்டுக் கேள்விதான் உறுப்பினரின் உண்மையான வாய்ப்பு. எழுதிவைத்த தாள் அமைச்சருக்கு உதவாத ஒரே இடம் அது. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, விடையிலிருந்து எழுவதாகவும் இருக்கவேண்டும். ஆகவே உறுப்பினரின் கையில் அரைத்தாள் ஒன்று கொடுங்கள், மூன்று நிலைமைக்கும் ஒவ்வொரு வரி:

எண்கள் வந்தால்: "ஒப்பந்தத்தில் சொன்ன நாட்களுக்குள் பழுதைத் திருத்தாத தாமதத்துக்கு எவ்வளவு அபராதம் அறவிட்டீர்கள்?"
சபாபீடத்தில் வைத்தால்: "விடையின் (ஆ)(iii) பகுதியை மட்டும், அந்தத் திகதியை, இப்போது சொல்வீர்களா?"
அவகாசம் கேட்டால்: "எந்த நாளில் விடை தருவீர்கள் என்று திகதி குறிப்பிட முடியுமா?"

உறுப்பினர் இடையீட்டுக் கேள்விக்கு முன் இரண்டு நிமிடம் பேசத் தொடங்கினால் சபாநாயகர் இடைமறிப்பார், எதிர்வரிசையிலிருந்து ஒழுங்குப் பிரச்சினை எழும், நேரமும் போய்விடும். கேள்விக்குறியோடு முடியும் ஒரே வாக்கியமாக எழுதிக் கொடுங்கள்.

7. வேறு கதவுகள்

அவசரமான, பொது முக்கியத்துவமுள்ள விடயத்தைக் கட்சித் தலைவர்கள் சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) இன் கீழ் எழுப்பலாம். அங்கே விபரத்தோடு வாசிக்க இடமுண்டு, அதனால் ஒரு பக்கக் குறிப்பாகவே எழுதிக் கொடுக்கலாம். வரவுசெலவுத் திட்டக் குழுநிலையில், அமைச்சின் செலவினத் தலைப்பு எடுக்கப்படும்போது 10 ரூபா குறைக்கவேண்டும் என்று பிரேரிப்பது வழக்கம். பத்து ரூபாவை யாரும் மிச்சப்படுத்த நினைப்பதில்லை, அந்த அமைச்சின் கொள்கை முழுவதையும் பேசத் திறக்கும் வழி அது. தனிநபரின் குறையென்றால் உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுப்பதே பொருத்தம்.

8. விடை வந்தபின்

பாராளுமன்ற இணையத்தளத்தில் அன்றைய ஹன்சாட்டை இறக்கி, கேள்வி இலக்கத்தைத் தேடுங்கள். உரைகள் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாவதால் அமைச்சர் சிங்களத்தில் சொன்ன விடை சிங்களத்தில்தான் இருக்கும். மொழிபெயர்க்கும்போது எண்களையும் திகதிகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் வெளியாவது திருத்தப்படாத பிரதியாக இருக்கலாம், மேற்கோள் காட்டமுன் இறுதிப் பதிப்பைப் பாருங்கள்.

சபைக்குள் உறுப்பினர் சொல்வதற்கு 1953 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதே குற்றச்சாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு வராது. ஹன்சாட்டில் உள்ளபடியே, திகதியும் பக்க எண்ணும் போட்டுக் கொடுங்கள்.

விடையில் அமைச்சர் ஒரு முடிவுத் திகதி சொல்லியிருந்தால், அந்தத் திகதிக்கு அடுத்த வாரமே தொகுதிக்குப் போய் ஒவ்வொரு லிஃப்டையும் படம் எடுத்து, மாடியும் திகதியும் குறித்து வையுங்கள். ஓடவில்லையென்றால் இரண்டாவது கேள்வியின் (அ)(i) இப்படித் தொடங்கும்: 'இச்சபையில் முன்னர் இன்ன இலக்க வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையில் குறிப்பிடப்பட்ட திகதிக்குள் திருத்த வேலைகள் நிறைவடைந்தனவா;'