சோல் சாயலில் ஒரு மென்ராக் பாட்டு: தனி ஆளாகப் பதிவு செய்வது எப்படி

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த உருக்கமான பாட்டு வகை; மென்ராக் என்பது மென்மையாக வாசிக்கும் ராக். முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். இந்த வகைப் பாட்டுக்கு நிமிடத்துக்கு 80 முதல் 95 தாள அடி வரை பொருந்தும். என் முதல் பாட்டை நான் 96-இல் தொடங்கினேன். வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. 84-க்கு இறக்கியதும் மூச்சு விட இடம் கிடைத்தது. தாள அடியைத் தட்டிக் காட்டும் க்ளிக்கைப் போட்டுவிட்டுப் பல்லவியைச் சும்மா பேசிப் பாருங்கள். பேசவே அவசரப்பட வேண்டியிருந்தால் வேகம் அதிகம்.

அப்புறம் எலக்ட்ரிக் பியானோ. கிடார் பிறகு வரட்டும். 1970-களின் சோல் பாட்டிலும் மென்ராக் பாட்டிலும் கேட்கிற அந்த மணி ஒலி பெரும்பாலும் ரோட்ஸ் பியானோவுடையது. அதற்குள் தந்தி கிடையாது. சுத்தி ஒரு மெல்லிய உலோகக் குச்சியை அடிக்கும்; அதன் அதிர்வை, எலக்ட்ரிக் கிடாரில் இருப்பது போன்ற பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) வாங்கிக்கொள்ளும். மெல்லத் தொட்டால் மணி, ஓங்கி அடித்தால் கரகரப்பு. மென்பொருளில் வரும் நல்ல ரோட்ஸ் ஒலிகளும் இப்படியே நடந்துகொள்ளும். இதை உருவாக்கிய ஹெரால்டு ரோட்ஸ், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்கள் படுக்கையிலேயே வாசிக்கட்டும் என்று விமான உதிரிகளிலிருந்து சின்னப் பியானோ செய்தவர். அது தெரிந்த நாளிலிருந்து நான் கீயை இன்னும் மெதுவாகத்தான் தொடுகிறேன்.

கார்டுகளில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில், வெறும் மேஜரும் மைனரும் போதாது. சி ஸ்கேலில் என்றால் எஃப் மேஜர் 7, ஈ மைனர் 7, ஏ மைனர் 9 என்று நகருங்கள். பல்லவிக்குள் நுழையும் இடத்தில் ஜி கார்டை நேராக வாசிக்காமல், இடது கையில் ஜி, வலது கையில் எஃப் கார்டு என்று வையுங்கள். சி-யை நோக்கி இழுக்கும் பி ஸ்வரம் அதில் இல்லை. அதனால் பாட்டு முட்டித் தள்ளாமல், மிதந்து வந்து இறங்கும்.

ட்ரம்ஸில் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் 2-ஆம், 4-ஆம் அடிகளில் விழும். கொஞ்சம் தாமதமாக விழட்டும். 84 வேகத்தில் ஓர் அடிக்கு 714 மில்லி விநாடி. அதில் 10 முதல் 20 மில்லி விநாடி ஸ்நேரைப் பின்னால் தள்ளினால் போதும். காலால் மிதித்து வாசிக்கும் கிக் ட்ரம்மைத் தொடாதீர்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசை நிறுவனத்தின் பதிவுகளுக்கு ட்ரம்ஸ் வாசித்த அல் ஜாக்சன் ஜூனியரின் ஸ்நேரைக் கவனித்துக் கேளுங்கள், நான் சொல்வது உடனே புரியும். அடித்தள ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ், கிக்கோடு சேர்ந்து போகட்டும். ஸ்நேர் விழும்போது பேஸின் ஒலி நின்றிருக்கட்டும்.

இனி குரல். நான் அதிக நேரம் தவறாகச் செலவழித்தது இதில்தான். சோல் என்றால் உருக வேண்டும் என்று நினைத்து ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலைச் சுழற்றினேன். பக்கத்து அறையிலிருந்து என் தங்கை வந்து, “அண்ணா, யார் மேல கோபம்?” என்று கேட்டாள். பாட்டோ மன்னிப்புக் கேட்கும் பாட்டு! மறுநாள் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போலச் சரணத்தைப் பாடினேன். சுழற்றலை ஒரு சரணத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். எந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குகிறோமோ அதில் மட்டும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், உரத்த இடத்தில் அரை அடி தூரம் பின்னால் போங்கள். ஒரு வரியைத் தாள அடிக்குச் சற்றுப் பிந்தித் தொடங்கிப் பாருங்கள். நான் கடைசியில் வைத்துக்கொண்ட டேக் (ஒரு முறை பாடிய பதிவு), பிசிறு இல்லாத டேக் அல்ல. இரண்டாம் சரணத்தில் மூச்சு கேட்கும் டேக்.

பல்லவியில் உங்கள் குரலையே இரட்டிக்கலாம். 1971-இல் சோல் பாடகர் மார்வின் கே தன் இரண்டு முதன்மைக் குரல்களைச் சேர்த்தே ஒலிக்கவிட்டார்; ஒருவரே தனக்குப் பதில் சொல்வது போல இருக்கும். பின்குரல்களில் வல்லின எழுத்துகளை மழுப்பிப் பாடுங்கள். இல்லையென்றால் நாலு குரலும் நாலு நேரத்தில் ‘ட்’, ‘க்’ என்று தட்டும்.

எல்லா ஒலிகளையும் கலந்து சேர்க்கும் மிக்ஸில் ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தமான பாட்டைத் தாமே குறைத்துவிடும், மென்மைதான் வீணாகும்.

பாட்டின் முடிவில் ஒலியை மெல்ல மங்கவிடப் போகிறீர்கள் என்றால், பதிவை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் வாசித்துக்கொண்டே மனம் போனபடி பாடுங்கள். என் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த வரி, ஒலி மங்கத் தொடங்கி ஆறு விநாடி கழித்துத்தான் வருகிறது.