பகிர்ந்த ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலுள்ள விண்டோஸ் கணினி ஒன்றில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, மற்ற கணினிகளும் அதைப் பயன்படுத்தும்படி பகிர்ந்து வைத்திருப்பவர்களில் பலர், ஒருநாள் அது திறக்க மறுத்ததும் முதலில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடுகிறார்கள். அதனாலும் சரியாகாதபோது எல்லாருக்கும் முழு அனுமதி தருகிறார்கள், கடவுச்சொல்லை நீக்குகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை இது. ஒரே நேரத்தில் பல அமைப்புகளை மாற்றியபின் பகிர்வு தற்செயலாகச் சரியானாலும், பழுது எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்; திறந்துவிட்ட பூட்டுகளும் அப்படியே கிடக்கும்.

டிஸ்க் செருகப்பட்டிருக்கும் கணினியின் முன் அமர்ந்து, அங்கே அது திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கணினி உறக்க நிலைக்குப் போயிருந்தாலே மற்ற கணினிகளில் ‘பாதை கிடைக்கவில்லை’ என்ற செய்தி வந்துவிடும். அதைவிட எளிதில் கண்ணில் படாதது டிரைவ் எழுத்தின் மாற்றம். விண்டோஸ் ஒரு பகிர்வை டிஸ்க்கின் பெயரோடு அல்லாமல் ‘ஈ’, ‘எஃப்’ போன்ற எழுத்தில் தொடங்கும் பாதையோடுதான் பிணைத்து வைக்கிறது. ஒரு பென் டிரைவ் முன்பே ‘ஈ’ எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அதற்கு வேறு எழுத்து கிடைக்கும். பகிர்வோ பழைய பாதையையே தேடிக்கொண்டிருக்கும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் சென்று அகரவரிசையின் கடைசியிலுள்ள ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்து, அந்த எழுத்திலிருந்து மறுபடி பகிர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் திரும்ப வராது.

மற்ற கணினிகளில் பகிர்வை ஐபி எண்ணால், அதாவது நெட்வொர்க்கில் ஒரு கணினிக்குரிய முகவரி எண்ணால், இணைத்து வைப்பதும் இதே வகைத் தவறுதான். ரவுட்டர் தரும் அந்த எண் மாறக்கூடியது. ஆகவே கணினியின் பெயரால் இணைக்கலாம், அல்லது ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கலாம். விருந்தினருக்கான வைஃபையில் இணைந்துள்ள கருவிகள் வீட்டின் மற்ற கணினிகளைக் காண முடியாதபடி பல ரவுட்டர்கள் தடுப்பதையும் மறந்துவிடக் கூடாது. ஃபயர்வால்தான் தடுக்கிறது என்ற ஐயம் வந்தால், அதை அணைப்பதற்குப் பதிலாக, டிஸ்க் உள்ள கணினியின் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ (பொது இடத்துக்கானது) என்று இருக்கிறதா எனப் பார்த்து ‘பிரைவேட்’ (வீட்டுக்கானது) என மாற்றுவதும், கோப்புப் பகிர்வை இயக்குவதும் போதும்.

கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கணினியைத் திறக்கத் தட்டும் ‘பின்’ எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். பகிர்வைத் திறக்க, டிஸ்க் உள்ள கணினியிலிருக்கும் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் இயல்பாக ஏற்காது என்பதால், ‘எளிதாக இருக்கட்டும்’ என்று அதை நீக்குகிறவர்கள் கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார்கள். டிஸ்க் உள்ள கணினியில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதே என் பார்வையில் மிகச் சுத்தமான வழி. கடவுச்சொல்லை மாற்றியபின் இணைப்பு மறுக்கப்பட்டால், மற்ற கணினியின் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் பழையது சேமிக்கப்பட்டிருக்கலாம்; அதை நீக்கிவிட்டு முயல வேண்டும்.

கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்றால், அனுமதி இரண்டு இடங்களில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸின் வழக்கமான கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கின் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ ஆகிய இரண்டு பக்கங்களிலும் அனுமதி உண்டு. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும்.

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் டிஸ்க்கைச் செருகியிருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பழைய ரவுட்டர்கள் சில கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை மட்டுமே அறியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட, 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தாக்குதல் அந்த நெறிமுறையைக் கையாளும் விண்டோஸ் பகுதியிலிருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது; அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் இயல்பாக அடைக்கப்பட்டுள்ளது. இவற்றை மறுபடி திறந்துவிடும்படி சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். ஆனால் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பதும், அது முடியாவிட்டால் டிஸ்க்கை ஒரு கணினிக்கு மாற்றுவதுமே சரியான தீர்வு. வெளியூரிலிருந்து கோப்பைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் 445 என்ற போர்ட்டை, அதாவது கோப்புப் பகிர்வு பயன்படுத்தும் நெட்வொர்க் வாயிலை, இணையத்துக்குத் திறந்துவிடுவது எந்த நிலையிலும் செய்யக் கூடாதது.

இடையிடையே இணைப்பு அறுந்துபோனால் மின்சாரத்தையும் ஐயப்பட வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும்படி வகுக்கப்பட்டவை. ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும், தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் ஒன்றில் பென் டிரைவோடும் மவுஸோடும் ஹார்ட் டிஸ்க்கையும் செருகினால் அதற்குப் போதிய மின்சாரம் கிடைப்பதில்லை.

டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ ஒலி வந்தாலோ, சில கோப்புகள் மட்டும் படிக்க முடியாமல் போனாலோ, உடனே ‘செக் டிஸ்க்’ கட்டளையை ஓட்டுவது ஆபத்தானது. அது கோப்பமைப்பைச் சீராக்கப் பார்க்குமே தவிர, உள்ளிருக்கும் படங்களையும் ஆவணங்களையும் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. பழுதாகிவரும் டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமையும் ஆகும். பகிர்வை நிறுத்திவிட்டு, டிஸ்க்கை ஒரே கணினியில் நேரடியாகச் செருகி, இன்றியமையாத கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்த பின்னரே அந்தக் கட்டளையைத் தொட வேண்டும்.