தோட்டப்புற முதலாளிகள் பாதுகாப்புப் பயிற்சியில் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆள்களை வைத்துக்கொண்டு தோட்டங்களில் மருந்து அடிக்கும் குத்தகையாளரிடமோ, கடைத்தெருவின் பின்புறத்தில் லாரிப் பட்டறை நடத்துபவரிடமோ வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “அதெல்லாம் பெரிய தோட்டத்துக்கும் செம்பனை ஆலைக்கும்தானே அண்ணே, நமக்கு எதற்கு?” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோதும் இதே பதிலைக் கேட்டேன். இன்று பயிற்சி நடத்தப் போகும் இடங்களிலும் இதையே கேட்கிறேன். நான் காணும் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, தொடக்கத்தில் ஒரு பட்டியலில் குறிப்பிட்ட தொழில் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. விவசாயம் அந்தப் பட்டியலில் முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதால், தோட்ட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் எவரும் “புதுச் சட்டம், இப்போதுதான் வந்தது” என்று சொல்ல வழியில்லை. 2022இல் அரசிதழில் வெளியாகி 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்தப் பட்டியல் முறையையே அகற்றி, வீட்டுப் பணியாளர், இராணுவம், கப்பல் பணி ஆகிய சில விலக்குகளைத் தவிர நாட்டின் எல்லா வேலையிடங்களையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. அதே நாளில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இரத்தானது; ஆயினும் அந்தப் பழைய சட்டத்தின் பெயரைத் தாங்கிய அறிவிப்புகள் பல பட்டறைச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. முதலாளியின் அடிப்படைக் கடமைகளை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. இரண்டு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையும் உண்டு. செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, ஆகப் பதிந்துகொண்டால் பொறுப்பு கம்பெனியோடு நின்றுவிடும் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். கம்பெனியோடு சேர்த்தோ தனியாகவோ இயக்குநர்மீதும் குற்றம் சாட்டலாம் என்று திருத்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு அதிகாரியைக் கட்டாயமாக நியமிக்க வேண்டிய வகையைச் சேராதவராக இருந்தால், தம் தொழிலாளர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்பது திருத்தம் கொண்டுவந்த மற்றொரு கடமை. “தம் தொழிலாளர்களில் ஒருவரை” என்ற சொற்களைப் படிக்காமலே, ஈப்போவில் வேறு வேலை பார்க்கும் மைத்துனரின் பெயரை எழுதி வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எண்ணிக்கையிலும் ஒரு தடுமாற்றம் உண்டு: உள்ளூர் ஆள் மூவர், வங்காளதேசத்தவர் எழுவர் என்றால், “என்னிடம் மூன்று பேர்தான்” என்று கணக்குச் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அங்கே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஆள் எண்ணிக்கை நாற்பதைத் தொட்டால் பாதுகாப்புக் குழு ஒன்றும் வேண்டும். அது மூன்று மாதத்திற்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவதும் இங்கேதான், பயன் குறைந்து போவதும் இங்கேதான். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஒரு சனிக்கிழமை காலையில் சமூக மண்டபத்தில் பேனர் கட்டி, ஆள்களை உட்கார வைத்து, மூன்று மணி நேரம் திரையில் படம் காட்டி, வருகைப் பட்டியலில் கையெழுத்து வாங்கி, நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். அப்படி ஒரு பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு குத்தகையாளரின் ஆள்களோடு பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நின்றேன். மருந்து அடிக்கும் இளைஞர் ஒருவர் தம் சுவாச முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஏன் போடவில்லை என்று கேட்டேன். போட்டால் மூச்சே வரவில்லை என்றார். வாங்கிப் பார்த்தபோது, இரண்டு வடிகட்டிகளின் மேலும் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வருகைப் பட்டியலில் அவருடைய கையெழுத்து நான்காவதாக, அழகாகவே இருந்தது. உறையைக் கிழித்தெறிய வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதல்ல. திரையில் மலாய் எழுத்தில் அது இருந்தது, அவரால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

முதலாளி தகவல், வழிகாட்டல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் வழங்க வேண்டும் என்று சட்டம் அடுக்கிச் சொல்வதன் பொருள் இத்தகைய இடத்தில்தான் விளங்கும். முதல் மூன்றையும் ஒரே காலையில் முடித்துவிட்டு நான்காவதை மறந்துவிடுவது பொதுவான தவறு. ஆள் புரிந்துகொண்டாரா என்பதை அறிய எளிய வழி, அவர் கையாலேயே செய்து காட்டச் சொல்வதுதான்: முகமூடியைப் போட்டுக் காட்டு, பம்பில் மருந்து கலந்து காட்டு, கண்ணில் தெறித்தால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நடந்து போய்க் காட்டு. இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவருக்கு மலாய் போதும். நேப்பாளத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆனவருக்கு, அவர் மொழி தெரிந்த பழைய ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தாமல் நடத்தும் பயிற்சியைப் பயிற்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிக்கும் ஆள்களுக்கு 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைகளும் பொருந்தும். அவற்றின்படி பயிற்சியைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்த வேண்டும். அபாயத்தைப் பற்றிய தகவல் மாறும்போதும், ஆளைப் புது வேலைக்கு மாற்றும்போதும் அந்த இரண்டு ஆண்டு கணக்கு செல்லாது, மறுபடியும் பயிற்சி தர வேண்டும். நேற்று வரை செம்பனைக் குலை பொறுக்கியவரை இன்று காலை பம்பைத் தூக்கச் சொல்வது தோட்டத்தில் அன்றாடம் நடப்பதுதான். விதிமுறை தொடவேண்டிய இடமும் அதுவே. பயிற்சிப் படங்கள் பழையனவாக இருப்பதும் ஒரு சிக்கல்: 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பாரகுவாட்டை எப்படிக் கலப்பது என்று காட்டும் படத்தை இன்னும் ஓட்டுகிறார்கள். படத்தை மாற்றுவதோடு சாமான் கொட்டகையின் பின்மூலையையும் ஒரு தரம் எட்டிப் பார்ப்பது நல்லது. மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைத்த மருந்து அங்கே இருந்தால், அதுவே தனி ஆபத்து.

அபாய மதிப்பீடு, அதாவது எங்கே என்ன ஆபத்து, யாருக்கு, எப்படித் தடுப்பது என்று எழுதி வைப்பது, இப்போது ஒவ்வொரு முதலாளிக்கும், தனியே தொழில் செய்பவருக்குங்கூடச் சட்டக் கடமை ஆகிவிட்டது. இங்கே நடக்கும் தவறு, வேறொரு தோட்டத்தின் மதிப்பீட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது. நான் பார்த்த ஒன்றில் படகில் ஏறும்போது கவனிக்க வேண்டியவை அரைப் பக்கம் இருந்தன. அந்தத் தோட்டத்தில் ஆறும் இல்லை, படகும் இல்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் போகும் மின்கம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உயர்ந்த செம்பனையில் குலை வெட்டுபவர் கையில் இருப்பது நீண்ட அலுமினியக் குழாய். வெட்டிய மட்டை சரியும்போது குழாய் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. கம்பிக்கருகில் இருக்கும் மரங்களுக்குச் சாயம் அடித்து அடையாளமிட்டு, அவற்றை யார், எப்படி வெட்டுவது அல்லது வெட்டாமலே விடுவது என்று தனியே முடிவெடுக்காத மதிப்பீட்டால் பயன் இல்லை. மங்கூரோடும் (வேலை மேற்பார்வையாளரோடும்) பழைய வெட்டு ஆள்களோடும் ஒரு காலை நடந்தால், வாங்கிய கோப்பில் இல்லாத பத்து விஷயங்களை அவர்களே சொல்வார்கள். முதுகில் சுமக்கும் புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் இரைச்சல் 82 டெசிபலைத் தாண்டினாலே 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் முதலாளியைச் செயல்படச் சொல்கின்றன, 85 டெசிபல் அன்றாட உச்சவரம்பு.

வேலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டால் பொறுப்பும் போய்விட்டது என்று தோட்ட நிர்வாகம் நினைப்பதும், எல்லாவற்றையும் தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்று குத்தகையாளர் நினைப்பதும் சேர்ந்து, நடுவில் யாருமில்லாத ஓர் இடத்தை உண்டாக்குகின்றன. வேலை நடக்கும் விதத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதன்மையாளருக்கும், அதாவது வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும், குத்தகையாளரின் ஆள்கள்மீது கடமை உண்டு என்று திருத்தம் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தத்தில் விலையும் தேதியும் எழுதும்போதே, முகமூடியை யார் வாங்குவது, வண்டியில் முதலுதவிப் பெட்டியை யார் வைப்பது என்பதையும் எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் இராது.

விபத்து நேர்ந்த பிறகு செய்யும் தவறுகள் வேறு வகை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 48 மணி நேரத்திற்குள் அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சொக்சோ நட்டஈட்டுக்கானது, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பது தனிக் கடமை. உயிர்ப்பலி, அல்லது நான்கு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாதபடி பலத்த காயம் என்றால், அருகிலுள்ள இலாகா அலுவலகத்திற்கு உடனடியாகத் தெரிவித்து, ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும்; பேராக்கில் உள்ளவர்களுக்கு மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. அதற்குள் டிராக்டரை நகர்த்துவது, இடத்தைக் கழுவிவிடுவது போன்றவற்றை நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றமாகிவிடும். காயப்பட்டவரைக் காப்பாற்றுவது போன்று சட்டம் அனுமதிக்கும் தேவைகளுக்குத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. ஆண்டு முழுவதற்குமான விபத்துப் பதிவை அடுத்த ஆண்டு ஜனவரி 31க்கு முன் இலாகாவின் ஜே.கே.கே.பி. 8 பாரத்தில் அனுப்ப வேண்டும் என்பது, பொங்கல் விடுமுறையோடு பலருக்கு மறந்துபோகிறது.

பூட்ஸுக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது இன்றைக்கும் சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சட்டத்தின்படி வழங்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது 1994லிருந்தே உள்ள விதி.

கடைசியாக, பெரிய வாதங்கள் எழுவது வேலையை நிறுத்தும் உரிமையைப் பற்றித்தான். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்று திருத்தம் சொல்கிறது. மத்தியான நேரத்தில் மேகம் கறுத்து இடி இடிக்கும்போது, அலுமினியக் குழாயைக் கீழே போட்டுவிட்டு லாரியில் வந்து உட்காரும் ஆள்மீது “சோம்பேறி” என்று மங்கூர் கத்தினால், அன்றைய கூலியையும் பிடித்தால், அது வழக்காகக்கூடும். எந்த நிலையில் வெட்டு நிற்கும், யார் விசில் ஊதுவார், எங்கே ஒதுங்குவது, அந்த நேரத்துக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படும் என்பதை மழைக்காலம் தொடங்குமுன் பெரட்டில் ஆள்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட வேண்டும். கூலிக் கணக்கைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் யாரும் வெட்டை நிறுத்திவிட்டு ஒதுங்க வரமாட்டார்கள்.