ஃபோர்க்கின் வீண் உழைப்பைக் குறைப்பது எப்படி? எக்ஸ்வி6 கர்னலில் ஒரு செய்முறை

ஷெல்லில் ‘எல்எஸ்’ என்று தட்டி என்டரை அழுத்துகிறீர்கள். உடனே ஷெல் தன்னைப் போலவே இன்னொரு ஷெல்லைப் பெற்றெடுக்கிறது. அதுதான் ஃபோர்க். பிறந்த சேய் கண் விழித்ததும் எக்ஸெக்கை அழைத்து, தாயிடமிருந்து வந்த நினைவகம் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு எல்எஸ் நிரலாக மாறிவிடுகிறது. பக்கம் பக்கமாக உட்கார்ந்து நகலெடுத்த கர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) பாடு விழலுக்கு இறைத்த நீர்.

அந்த இறைப்பை இரண்டு கட்டங்களாக நிறுத்தப்போகிறோம். முதலில் பக்கங்களை, அதாவது 4096 பைட் கொண்ட நினைவகத் துண்டுகளை, நகலெடுப்பதை ஒத்திப்போடுவோம். பிறகு பக்க அட்டவணையை, அதாவது நிரலின் முகவரி எந்த நிஜப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியலை, நகலெடுக்கும் செலவைக் குறைப்போம். இவை இரண்டும் வேறு வேறு என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

களம், எம்ஐடி பாடம் நடத்தப் பயன்படுத்தும் எக்ஸ்வி6 கர்னலின் ரிஸ்க்-5 (ஒரு செயலி வகை) பதிப்பு. சி மொழியில் பாயிண்டர் பழக்கம் இருந்தால் போதும். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மூலநிரலில் ஆங்கில எழுத்தில் தேடிக்கொள்ளுங்கள். வரிகள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும், கருத்து மாறாது.

தயாரிப்பு

லினக்ஸ் கணினியில் கிட், கியூஇமு (கணினியைப் போலச் செய்யும் மென்பொருள்), ரிஸ்க்-5க்கான ஜிசிசி தொகுப்பி ஆகியவற்றை நிறுவுங்கள். எக்ஸ்வி6 மூலநிரலை இறக்கி, ‘மேக் கியூஇமு’ கட்டளையைக் கொடுத்தால் சிறிய ஷெல் ஒன்று எழும்பும். வெளியேற கன்ட்ரோலுடன் ஏ, பிறகு எக்ஸ். இது தெரியாமல் முதல் நாள் முழுவதும் சாளரத்தையே மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

படி 1: பழைய வழியைப் பாருங்கள்

கர்னல் அடைவில் விஎம் கோப்பைத் திறந்து யுவிஎம்காப்பி என்ற செயற்கூறைப் படியுங்கள். முகவரி 0இல் தொடங்கி 4096 பைட்டுக்கு ஒரு தாவலாகத் தாயின் நினைவகம் முழுவதும் நடக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் வாக் மூலம் தாயின் அட்டவணைப் பதிவைத் தேடும், கேஅலாக் மூலம் புதுப் பக்கம் வாங்கும், மெம்மூவ் மூலம் 4096 பைட்டையும் பெயர்க்கும், மேப்பேஜஸ் மூலம் சேயின் அட்டவணையில் பதியும்.

64 எம்பி பிடித்திருக்கும் நிரலுக்கு இது 16,384 தாவல். எக்ஸ்வி6க்கு இருப்பதே மொத்தம் 128 எம்பி. ஆகவே கைவசம் உள்ள நினைவகத்தில் பாதிக்கு மேல் எஸ்பிஆர்கே (நினைவகம் கேட்கும் கணினி அழைப்பு) மூலம் வாங்கிக்கொண்டு ஃபோர்க் செய்யும் குட்டி நிரல் ஒன்றை எழுதி ஓட்டுங்கள். ஃபோர்க் தோற்கும். அந்தத் தோல்வியைப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். நாளை அதே நிரல் வெற்றி பெறுவதுதான் உங்கள் சோதனை.

படி 2: ஒரு பிட்டை ஒதுக்குங்கள்

அட்டவணைப் பதிவு ஒவ்வொன்றும் 8 பைட். அதன் கீழ்ப் பிட்டுகளில் 0 செல்லுபடியைக் குறிக்கும். 1 படிக்க, 2 எழுத, 3 இயக்க, 4 பயனருக்கு. 8, 9 ஆகிய இரண்டு பிட்டுகளையும் வன்பொருள் சீண்டாது, கர்னல் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம். 8ஆம் பிட்டுக்குப் ‘பங்குப் பிட்’ என்று பெயர் வைப்போம். “இந்தப் பக்கம் எழுதத் தக்கதுதான், ஆனால் இப்போதைக்குக் கூட்டுச் சொத்து” என்பது அதன் பொருள்.

படி 3: நகலெடுக்காமல் பகிருங்கள்

யுவிஎம்காப்பிக்குள் இருக்கும் கேஅலாக், மெம்மூவ் இரண்டையும் நீக்குங்கள். தாயின் பதிவில் எழுதும் பிட் எரிந்தால், அதை அணைத்துப் பங்குப் பிட்டை ஏற்றுங்கள். சேயின் அட்டவணையில் அதே நிஜப் பக்கத்தை, அதே பிட்டுகளுடன் பதியுங்கள்.

‘எரிந்தால்’ என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். நிரலின் குறிமுறைப் பக்கங்கள் எழுத முடியாதவை. அவற்றுக்கும் பங்குப் பிட்டைப் போட்டுவிட்டால், யாராவது அங்கே எழுத முயலும்போது கர்னலே மரியாதையாக எழுதும் உரிமையைத் தந்துவிடும். பூட்டைக் கழற்றித் திருடன் கையில் கொடுப்பது போல.

தாயின் அனுமதியைக் குறைத்தால் டிஎல்பியில் (அட்டவணைப் பதிவுகளைச் செயலி நினைவில் வைத்திருக்கும் இடம்) தங்கியிருக்கும் பழைய பதிவைத் துடைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எக்ஸ்வி6இல் கர்னலிலிருந்து பயனர் நிரலுக்குத் திரும்பும் வழியிலேயே டிஎல்பி முழுவதும் துடைக்கப்பட்டுவிடுகிறது. ஒரு செயல்முறைக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரே இழைதான் என்பதால் வேறு செயலி மையத்தில் அதே அட்டவணை ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்பில்லை. லினக்ஸில் இந்தச் சலுகை கிடையாது.

படி 4: பங்காளிகளை எண்ணுங்கள்

கடினமான இடம் இதுதான். ஒரே பக்கத்துக்கு இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் வெளியேறும்போது பக்கத்தை விடுவித்தால் மற்றவர் காலடி மண் சரியும். யாரும் விடுவிக்காவிட்டால் நினைவகம் கசியும்.

கேஅலாக் கோப்பில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். 128 எம்பிக்கு 32,768 பக்கங்கள்; பக்கத்துக்கு ஓர் எண். எக்ஸ்வி6இல் அதிகபட்சம் 64 செயல்முறைகள்தான் என்பதால் பக்கத்துக்கு ஒரு பைட் போதும், மொத்தம் 32 கேபி. நிஜ முகவரியிலிருந்து நினைவகத்தின் தொடக்க முகவரியைக் கழித்து 4096ஆல் வகுத்தால் வரிசையில் இடம் கிடைக்கும்.

கேஅலாக் பக்கம் தரும்போது எண்ணை 1 ஆக்குங்கள். யுவிஎம்காப்பி பகிரும்போது 1 கூட்டுங்கள். கேஃப்ரீ வந்தால் 1 கழித்து, பூஜ்யமானால் மட்டும் காலிப் பட்டியலில் சேருங்கள். கூட்டலும் கழித்தலும் பூட்டுக்குள் நடக்க வேண்டும், ஏனெனில் கியூஇமு வழக்கமாக 3 மையங்களுடன் ஓடுகிறது. இன்னொன்று: கர்னல் எழும்பும்போது எல்லாப் பக்கங்களையும் கேஃப்ரீ வழியாகத்தான் காலிப் பட்டியலுக்கு அனுப்புகிறது. அப்போது எண்கள் பூஜ்யத்தில் இருந்தால், பூஜ்யத்திலிருந்து கழிக்க நேரும். அதற்கு முன்பே எல்லாவற்றையும் 1 ஆக்கிவிடுங்கள்.

நான் சறுக்கியது கேஃப்ரீயில். விடுவித்த பக்கத்தை யாரும் தெரியாமல் பயன்படுத்தினால் வெளிச்சமாகட்டும் என்று, கேஃப்ரீ அந்தப் பக்கம் முழுவதையும் 1 என்ற பைட்டால் நிரப்பிவிடும். நான் எண்ணைக் கழிக்கும் வரியை அந்த நிரப்பலுக்குக் கீழே எழுதிவிட்டேன். கர்னல் எழும்பியது, ஷெல் வந்தது, எல்எஸ் தட்டினேன், கோப்புகளின் பட்டியல்கூட ஒழுங்காக வந்தது. அடுத்த நொடி ஷெல் செத்தது, பின்னாலேயே ‘இனிட் (ஷெல்லைத் தொடங்கிவைக்கும் முதல் செயல்முறை) வெளியேறுகிறது’ என்று கர்னலும் பேனிக்கில், அதாவது மீள முடியாத நிறுத்தத்தில், விழுந்தது.

காரணம் 12 என்று அச்சாகியிருந்தது. அதாவது, இயக்கக் கூடாத பக்கத்தில் கட்டளை தேடிய பிழை. நிறுத்தமோ சரியாக ஒரு பக்கத்தின் விளிம்பில். குப்பையை இயக்கியிருந்தால் ‘செல்லாத கட்டளை’ என்றல்லவா வர வேண்டும்? கட்டளைக் கையேட்டைப் புரட்டியபோதுதான் விளங்கியது. அடுத்தடுத்து இரண்டு 1 பைட்டுகள் சேர்ந்தால், ரிஸ்க்-5இன் சுருக்கக் கட்டளைகளில் அதற்கு ‘ஸ்டாக் பாயிண்டரோடு பூஜ்யத்தைக் கூட்டு’ என்று பொருள். எதுவும் செய்யாத கட்டளை! சேய் எக்ஸெக் செய்தபோது தாயின் குறிமுறைப் பக்கங்கள் குப்பையாகியிருந்தன. விழித்தெழுந்த ஷெல் அந்தக் குப்பையில் வழுக்கிக்கொண்டே போய், இயக்க அனுமதியில்லாத அடுத்த பக்கத்தில் முட்டியிருக்கிறது. இனிட்டுக்கும் அதே கதி. ஒரு வரியை மேலே ஏற்றியதும் எல்லாம் சரியானது.

படி 5: எழுத வருபவருக்குத் தனிப் பக்கம்

இனி தாயோ சேயோ கூட்டுப் பக்கத்தில் எழுத முயன்றால் வன்பொருள் பக்கப் பிழை எழுப்பும். பயனர் நிரலில் எழும் பிழைகளைக் கையாளும் யூசர்டிராப் செயற்கூறில் காரணம் 15 என்றால் எழுதும்போது வந்த பிழை. பிழை முகவரியை எஸ்டிவேல் பதிவகம் தரும்.

முதலில் அந்த முகவரி உச்ச வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு மீறிய முகவரியை வாக்கிடம் கொடுத்தால் அது பேனிக் ஆகும். ஒரு சாதாரணப் பயனர் நிரல் கர்னலையே கவிழ்த்துவிடும். பிறகு பதிவை எடுத்து, செல்லுபடிப் பிட், பயனர் பிட், பங்குப் பிட் மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தச் செயல்முறையைக் கொல்லுங்கள்.

மூன்றும் இருந்தால் பங்காளிகளின் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் மற்றவர்கள் போய்விட்டார்கள்; நகல் தேவையில்லை, எழுதும் பிட்டை ஏற்றிப் பங்குப் பிட்டை அணைத்தால் முடிந்தது. 1க்கு மேல் என்றால் புதுப் பக்கம் வாங்கி, 4096 பைட்டைப் பெயர்த்து, பதிவைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பி, பழையதைக் கேஃப்ரீயிடம் கொடுங்கள். கணினி அழைப்பில் செய்வதுபோல நிரல் முகவரியை 4 கூட்டிவிடாதீர்கள். தடுக்கப்பட்ட அதே கட்டளை மறுபடி ஓட வேண்டும்.

படி 6: கொல்லைப்புற வாசல்

கர்னல் தானே பயனர் பக்கத்தில் எழுதுவதும் உண்டு. பைப்பிலிருந்து ரீட் செய்தால் தரவைக் கொண்டுவந்து வைப்பது காப்பிஅவுட். அது தன் சொந்த அட்டவணை வழியாக எழுதுவதால், பயனர் பதிவில் எழுதும் பிட் அணைந்திருந்தாலும் பக்கப் பிழை எழாது. சேய்க்கு வந்த தரவு தாயின் பக்கத்திலும் சத்தமில்லாமல் ஏறிவிடும். புதிய பதிப்புகளில் காப்பிஅவுட் அந்தப் பிட்டைப் பார்த்துவிட்டு ரீட்டையே தோற்கடிக்கும்.

எனவே படி 5இல் எழுதியதைத் தனிச் செயற்கூறாக்கி, காப்பிஅவுட்டிலும் அழையுங்கள். அழைத்த பிறகு நிஜ முகவரியைப் புதிதாக எடுங்கள். முன்பே எடுத்துவைத்த முகவரி பழைய கூட்டுப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது படி 1இல் தோற்ற நிரலை ஓட்டிப் பாருங்கள்.

படி 7: அட்டவணையில் நடக்கும் நடையைக் குறையுங்கள்

64 எம்பி நகல் போய்விட்டது, ஆனால் 16,384 தாவல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தாய்க்கு ஒரு வாக், மேப்பேஜஸுக்குள் சேய்க்கு ஒரு வாக். எக்ஸ்வி6இன் அட்டவணை மூன்று நிலை. நிலைக்கு 512 பதிவுகள். ஒவ்வொரு வாக்கும் உச்சியிலிருந்து மறுபடி மறுபடி இறங்குகிறது. ஒரே தெருவில் 512 வீட்டுக்குத் தபால் கொடுக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் தபால் நிலையத்திலிருந்தே கிளம்பி வருவதைப் போல.

அடிநிலை அட்டவணை ஒன்று 512 × 4 கேபி, அதாவது 2 எம்பியை ஆளுகிறது. அதன் பதிவுகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே முகவரி 2 எம்பியால் மீதியின்றி வகுபடும்போது மட்டும் தாய்க்கும் சேய்க்கும் வாக்கை அழையுங்கள். மற்ற நேரங்களில் இரண்டு பாயிண்டர்களையும் ஒவ்வொன்று நகர்த்தினால் போதும். மேப்பேஜஸ் தேவையில்லை, பதிவை நேராக எழுதிவிடலாம். 16,384 முறை இறங்கிய இடத்தில் 32 முறை. தாயிடம் அந்த அடிநிலை அட்டவணையே இல்லையென்றால் 2 எம்பியை ஒரே எட்டில் தாண்டிவிடுங்கள்.

நடுவழியில் நினைவகம் தீர்ந்துபோனால், அதுவரை சேய்க்குப் பதிந்தவற்றை யுவிஎம்அன்மேப் மூலம் திரும்பப் பெறுங்கள். தாயின் பதிவுகளில் பங்குப் பிட் மிச்சமிருக்கும், இருக்கட்டும். எண் 1 என்பதால் அடுத்த எழுத்தில் அது தானாகக் கழன்றுகொள்ளும்.

பெரிய கர்னலில்

இந்த இரண்டாம் கட்டச் செலவு விளையாட்டல்ல. நினைவகத்தில் தரவை வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளம் அதை வட்டில் சேமிக்க ஃபோர்க் செய்கிறது. அது 24 ஜிபி பிடித்திருந்தால், பக்கத்துக்கு 8 பைட் வீதம் அட்டவணை மட்டும் 48 எம்பி. தரவில் ஒரு பைட்டைக்கூட நகலெடுக்காவிட்டாலும், அந்த அட்டவணையை எழுதி முடிக்கும்வரை தாய் காத்திருக்க வேண்டும். லினக்ஸ் இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறது. கோப்பிலிருந்து வந்த, இன்னும் தனி நகல் உருவாகாத பகுதிகளுக்கு அட்டவணையையே நகலெடுப்பதில்லை. சேய் தொட்டால் பக்கப் பிழை வழியாகப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். 2 எம்பிப் பெரும்பக்கம் என்றால் 512 பதிவுக்குப் பதில் ஒன்றே போதும்.

அடிநிலை அட்டவணையையே கூட்டுச் சொத்தாக்கினால் என்ன? 2021இல் யூரோசிஸ் மாநாட்டில் வந்த ‘ஆன்-டிமாண்ட்-ஃபோர்க்’ ஆய்வு இதைத்தான் செய்தது. எக்ஸ்86 வகைச் செயலிகளில் மேல்நிலைப் பதிவின் எழுதும் பிட்டை அணைத்தாலே அதன் கீழுள்ள 2 எம்பி முழுவதும் பூட்டிக்கொள்ளும். ரிஸ்க்-5இல் மேல்நிலைப் பதிவுக்கு அந்த அதிகாரம் இல்லை. படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று பிட்டும் அணைந்திருந்தால்தான் அது அடுத்த அட்டவணைக்கு வழிகாட்டும் பதிவாகவே எண்ணப்படும். ஆகவே எக்ஸ்வி6இல் முயல்பவர்கள் 512 பதிவுகளிலும் எழுதும் பிட்டை ஒருமுறை அணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மேல்நிலைப் பதிவின் செல்லுபடிப் பிட்டையே அணைத்துவிட்டு, படித்தாலும் எழுதினாலும் வரும் முதல் பிழையில் அதைச் சரிசெய்ய வேண்டும். நான் முதல் வழியில் போனேன். அட்டவணைப் பக்கங்களுக்கும் படி 4இன் எண் வரிசையே போதுமானதாக இருந்தது.