பதிவு போட்டவரை மனநல வார்டில் சேர்த்துவிட்டால்: முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை

பெருந்துறை சிப்காட் கழிவுநீரைப் பற்றியோ, ஊர்க் கோயில் வரவுசெலவைப் பற்றியோ, வேறு சாதியில் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போவதைப் பற்றியோ ஒருவர் முகநூலில் எழுதுகிறார். தொடர்ந்து எழுதுகிறார், கோபமாக எழுதுகிறார். "அவனுக்கு மண்டை சரியில்லைங்க" என்று நாலு பேர் சொல்ல, போலீசோ வீட்டாரோ அவரை மனநல வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது நண்பர்களும் உறவினர்களும் என்ன கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கே இந்தக் குறிப்பு.

அடிப்படைச் சட்டம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. இதன் 3ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒருவருடைய அரசியல், சமூக, பொருளாதார நிலையை வைத்தோ, ஊரார் ஏற்றுக்கொண்ட ஒழுக்கம், அரசியல், மத நம்பிக்கை ஆகியவற்றுக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பது மட்டுமே இன்றைக்கு நோய் இருப்பதற்குச் சான்றாகாது. சாதி மாறிக் காதலிப்பதும், மில் முதலாளியைத் திட்டுவதும் நோயறிகுறி அல்ல.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பதிவில் சாகப்போவதாக எழுதியிருந்தால், இன்னாரை வெட்டுவேன் என்று ஆளைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், பல நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால், மருத்துவரிடம் காட்டுவது தவறே இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கருத்து வேறு, ஆபத்து வேறு. சேர்த்தவர்கள் ஆபத்தைக் காட்டியாக வேண்டும்.

முதல் கேள்வி: எந்தப் பிரிவு?

வார்டுக்குப் போனதும் சத்தம் போடாதீர்கள். "டாக்டருங்க, எந்த செக்‌ஷன்ல அட்மிஷன் போட்டிருக்கீங்க? கேஸ் ஷீட்டைச் சித்த காட்டுங்க" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அடுத்த வேலை.

போலீஸ் கொண்டுவந்திருந்தால் அது 100ஆம் பிரிவு. மனநோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, அந்த நோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரையோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையோதான் பாதுகாப்பில் எடுக்கலாம். காரணத்தை அவரிடமோ அவருடைய நியமனப் பிரதிநிதியிடமோ (தன் சார்பில் பேச அவர் எழுதிக் குறிப்பிட்டவர்; எழுதாவிட்டால் உறவினர்) சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரே தனியாரிடம் கொண்டுபோவது முறையல்ல. லாக்கப்பில் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது. சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால் போலீசே வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். ஆகவே எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதை உடனே எழுதிவையுங்கள். வீட்டில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்தவர் எப்படிச் சுற்றித் திரிந்தவர் ஆவார் என்ற கேள்விக்கு இந்தக் குறிப்புதான் பலம்.

மாஜிஸ்திரேட் உத்தரவு என்றால் 102ஆம் பிரிவு. எழுத்தில் உத்தரவு இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 10 நாள்தான் வைக்கலாம். நகல் கேளுங்கள். அவசர சிகிச்சை என்றால் 94ஆம் பிரிவு, 72 மணி நேரம் வரை. அதன் பேரில் மின்அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கக் கூடாது.

வீட்டார் சேர்த்திருந்தால் பெரும்பாலும் 89ஆம் பிரிவு. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர். தன்னைக் காயப்படுத்த மிரட்டல் அல்லது முயற்சி, பிறரிடம் வன்முறை அல்லது பிறர் அஞ்சும்படியான நடத்தை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை ஆகிய மூன்றில் ஒன்றாவது இருப்பதாக இருவருமே முடிவு செய்திருக்க வேண்டும். பிறருடைய மிக அதிக உதவி இல்லாமல் அவரால் முடிவெடுக்க முடியாது என்பதும் பதிவாகியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் 30 நாள்தான். பெண்ணையும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரையும் சேர்த்தால் 3 நாளிலும், மற்றவரைச் சேர்த்தால் 7 நாளிலும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் சட்டப்படியான அமைப்பு) தெரிவிக்க வேண்டும். "வாட்ஸ்அப்பில் கண்டதையும் எழுதுகிறார்" என்ற ஒரு வரியும் ஒரே மருத்துவரின் கையெழுத்தும் மட்டும் கேஸ் ஷீட்டில் இருந்தால் அந்த அட்மிஷன் நிற்காது.

இன்னொரு சிக்கல். மயக்கத்திலோ பயத்திலோ இருக்கும்போது, தானே விரும்பிச் சேர்ந்ததாக 86ஆம் பிரிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். தானாகச் சேர்ந்தவர் தானாகவே போகலாம். "எனக்கு டிஸ்சார்ஜ் வேண்டும்" என்று நேரம் குறித்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்காக அதன்பின் 24 மணி நேரம் வரைதான் தடுத்து வைக்கலாம்.

உள்ளே இருப்பவர் எப்படிப் பேச வேண்டும்

கத்தினால், கதவைத் தட்டினால், அது அப்படியே நர்ஸ் குறிப்பில் ஏறும். இடம், தேதி சொல்லி, பதிவை எதற்காக எழுதினார், என்ன ஆதாரம் என்று நிதானமாகச் சொல்லட்டும். மருத்துவரின் தகவலைப் புரிந்துகொள்வது, முடிவின் விளைவை உணர்வது, முடிவைத் தெரிவிப்பது ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கும் திறனைப் பார்ப்பார்கள். மருந்தை மறுத்தால் சண்டையாக இல்லாமல் காரணத்தோடு மறுக்கட்டும். போனை வாங்கிக்கொண்டாலும், வழக்கறிஞர், நீதிபதி, வாரிய உறுப்பினர், எம்.எல்.ஏ., எம்.பி. ஆகியோரோடு தொடர்புகொள்வதைத் தடுக்க 26ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

வெளியே இருப்பவர் செய்ய வேண்டியது

பதிவுகளை அழிக்காதீர்கள். தேதியும் இணைப்பும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோபமான ஒரு வரியை மட்டுமில்லை, முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து. அவர் கணக்கிலிருந்து வேறு யாரும் எதையும் எழுத வேண்டாம். கடைசி ஒரு வாரம் வேலைக்குப் போனதற்கான வருகைப் பதிவு, பவர்லூம் கூலிக் கணக்கு, பஸ் டிக்கெட் எல்லாமே அவர் நிதானமாக இருந்ததற்குச் சாட்சி.

பிறகு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். வழக்கறிஞர் இலவசம். இந்த உரிமையைச் சொல்ல வேண்டிய கடமை போலீசுக்கும் மருத்துவ அதிகாரிக்கும் உண்டு. உங்கள் மாவட்டத்தைக் கவனிக்கும் மறுஆய்வு வாரியம் எது என்று அங்கேயே கேட்டு மனு கொடுங்கள். கட்டணம் கிடையாது. 89ஆம் பிரிவு அட்மிஷனை எதிர்க்கும் மனுவை வாரியம் 7 நாளில் முடிக்க வேண்டும். மனு ஒரு பக்கம் போதும்: யார், எங்கே, எப்போது, எந்தப் பிரிவு, எந்த நிபந்தனை நிறைவேறவில்லை. அரசியல் விளக்கம் வேண்டாம். காகிதத்தில் உள்ள ஓட்டையைக் காட்டுங்கள்.

எந்தக் காகிதமும் காட்ட மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போட வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், நீலகிரி ஆகியவற்றுக்குச் சென்னை. கரூருக்கு மதுரைக் கிளை. 2020இல் விசாகப்பட்டினத்தில், முகக்கவசம் இல்லை என்று வெளிப்படையாகப் பேசிச் சஸ்பெண்டான அரசு மருத்துவரை போலீஸ் பிடித்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, ஆந்திர உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

பதிவே குற்றம் என்று போலீஸ் நினைத்தால் வழக்குப் போடட்டும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இலேயே ரத்து செய்துவிட்டது. கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்குக்கு மாற்றாக வார்டைப் பயன்படுத்த முடியாது.

முன்கூட்டியே ஒரு காகிதம்

வீட்டோடு மனக்கசப்பு உள்ளவர்கள் இதை இன்றே செய்யலாம். நியமனப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 18 வயது நிறைந்த, நம்பிக்கையான நண்பராக இருக்கலாம். அப்படி எழுதாவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும், சேர்த்துவிட நினைக்கும் அதே உறவினருக்கு. ஒரு நகல் நண்பரிடமும், ஒன்று வழக்கறிஞரிடமும் இருக்கட்டும்.

வெளியே வந்தபின் டிஸ்சார்ஜ் சம்மரியும் மருத்துவப் பதிவின் நகலும் வாங்குங்கள். சட்டத்தை மீறியவர்களுக்கு 108ஆம் பிரிவில் முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே கொடுத்த மாத்திரைகளைக் கோபத்தில் திடீரென நிறுத்த வேண்டாம். சிலவற்றை நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் வரும். வேறொரு மனநல மருத்துவரிடம் சம்மரியைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் குறையுங்கள்.