பழைய வீடு வாங்கினால் பெயின்டுக்கு முன்னால் மீட்டரும் வெந்நீர் ஹீட்டரும்

போன வருஷம் சாரல் நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினோம். தார்சா, பட்டாசல், அடுக்களை, மேலே மச்சு, புறவாசலில் கிணறு. பால் காய்ச்சிய மூன்றாம் நாள் காலை குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார்: "ஏ, குழாயத் தொட்டா கைய சுருக்குன்னு இழுக்கு, வந்து பாரு." முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன 25 லிட்டர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போனேன். அம்மா ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். அதனால் இன்றைக்கு இதை எழுத முடிகிறது.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் செய்தது எல்லாமே தலைகீழ். பெயின்ட் முதலில், கரண்ட் வேலை கடைசியில். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1. பத்திரம் பதியும் முன்பு: வெள்ளை அட்டையும் பாக்கியும்

மீட்டர் பெட்டிக்குள்ளோ பரணிலோ ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை கிடக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். மின் இணைப்பு எண் அதில் இருக்கும். திருநெல்வேலி மண்டலத்து எண்கள் 07 என்று தொடங்கும். அந்த எண்ணை வைத்து இணையத்திலேயே பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பாக்கி இருந்தால் விற்பவரே கட்டிவிட்டு ரசீதைத் தரட்டும். பழைய உரிமையாளரின் பாக்கியை, விதிகள் இடம் தருகிற வகையில், வீட்டை வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "நான் புதுசா வந்தவன்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

அட்டையிலும் பில்லிலும் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கட்டண வகை. முன்பக்கத்தில் யாராவது கடை வைத்திருந்தால் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கலாம். அப்படியானால் இரண்டு மாதக் கணக்கில் வீட்டு இணைப்புக்கு 2016-ல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு, அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது வீட்டுச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்ற அளவு. நாலு டியூப் லைட், ரெண்டு ஃபேன் காலத்தில் வாங்கிய இணைப்பில் ஏ.சி.யும் ஹீட்டரும் மாட்டுவதற்கு முன் லோடை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு நாளன்று மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து இரண்டு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: 2023 டிசம்பர் 17, 18-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது? தாமிரபரணிக் கரை ஊர்களில் இதைக் கேட்காமல் வீடு வாங்கவே கூடாது. மீட்டரோ சுவிட்ச் பெட்டியோ மூழ்கிய வீடென்றால், வெளியே துடைத்துப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே துரு பிடித்திருக்கும். அதை எல்லாம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

2. பெயர் மாற்றம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மீட்டரை மாற்ற, இடம் மாற்ற, லோடு உயர்த்த என்று எதற்குப் போனாலும் இணைப்பு யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்களிடம் பத்திர நகல், வீட்டு வரி ரசீது, அடையாள அட்டை, பழைய உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கேட்டார்கள். கடிதத்தைப் பதிவு நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்களுக்கு விற்றவர் வெளியூர் போய்விட்டதால் அந்த ஒரு கையெழுத்துக்காக ஒன்றரை மாதம் அலைந்தோம்.

3. மீட்டர் சரியாக ஓடுகிறதா?

எங்கள் வீட்டில் இருந்தது கண்ணாடிக்குள் அலுமினியத் தகடு சுற்றும் பழைய மீட்டர். 2006-ல் வந்த மத்திய விதிப்படி புதிதாக வைக்கும் மீட்டர்கள் எல்லாம் எலக்ட்ரானிக் வகைதான். பழைய தகட்டு மீட்டர் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் அது பல காலம் உழைத்துக் களைத்த மீட்டர். அதைச் சோதிக்க ஒரு இஸ்திரிப் பெட்டி போதும்.

முதலில் வீட்டு மெயினை இறக்குங்கள். தகடு நிற்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து நின்றால் பரவாயில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றினால் மீட்டரில் கோளாறு. அடுத்து மெயினை ஏற்றி, வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இப்போது சுற்றினால் மீட்டர் மேல் குற்றமில்லை, எங்கோ கரண்ட் கசிகிறது.

மூன்றாவது, கணக்கு. மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சுற்று என்று போட்டிருக்கும். 600 என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் முழுச் சூட்டில் போட்டால் தகடு 6 விநாடிக்கு ஒரு சுற்று, அதாவது ஒரு நிமிஷத்தில் 10 சுற்று சுற்ற வேண்டும். பெட்டியின் விளக்கு எரிகிற நேரத்தில் மட்டும் எண்ணுங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுவதை எண்ண வேண்டும். யூனிட்டுக்கு 3200 என்று போட்டிருந்தால் நிமிஷத்துக்கு 53 தடவை மின்னும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் பத்து, இருபது சதவீதம் குறையும், அதற்குப் பதற வேண்டாம். பாதியாகவோ இரண்டு மடங்காகவோ வந்தால்தான் புகார்.

புகாரை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையத்தின் எண் 94987 94987-லும் பதியலாம். நீங்களாக மீட்டரைத் திறக்காதீர்கள். மீட்டரும் சீலும் மின்வாரியத்தின் சொத்து. சீல் உடைந்திருந்தால், யார் உடைத்திருந்தாலும், 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ம் பிரிவைக் காட்டித் திருட்டு வழக்கு வரை போகலாம். வாங்கும்போதே சீல் உடைந்திருந்தால் உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டரை மாற்றும் நாளில் வீட்டில் இருங்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கும் புது மீட்டரின் முதல் ரீடிங்கும் அட்டையில் ஏறியதா என்று பார்த்து இரண்டையும் போட்டோ எடுங்கள். பழைய மீட்டரில் கடைசியில் உள்ள சிவப்பு எண் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்து எழுதிவிட்டால் 4312 யூனிட் 43,000 ஆகிவிடும்.

4. எர்த்: இங்கேதான் உயிர் இருக்கிறது

அம்மாவுக்கு ஏன் ஷாக் அடித்தது என்பதை எலக்ட்ரீசியன் அண்ணாச்சி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஹீட்டரின் எர்த் வயர் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வயர்) அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருந்தது. குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த் ஆக இருந்தது. பிறகு யாரோ இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டிருக்கிறார்கள். குளியலறைச் சுவருக்குள் மட்டும் ஒரு முழ இரும்பு மிச்சம். அன்றோடு எர்த் அறுந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் காயில் வெடித்துக் கரண்ட் கசிந்தபோது, அது இறங்கிப் போக மண் இல்லாமல் குழாயிலேயே நின்றது. அம்மாவின் கை பட்டது.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் பழைய குளியலறையில் இந்த ஒன்றை மட்டுமாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எர்த் வயர் எங்கே போகிறது? குழாயில் முடிந்தாலோ, பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) முறுக்கி விட்டிருந்தாலோ அங்கே எர்த் இல்லை. தனி எர்த் குழி வேண்டும், அதிலிருந்து வீடு முழுக்கப் பச்சை வயர் ஓட வேண்டும். குழியை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. கோடையில் மண் காய்ந்தால் அளவு ஏறும், அதனால் சித்திரை, வைகாசியில் குழிக்கு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் ஒரு கை என்றால், கசிவு கண்டால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இன்னொரு கை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினால், போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒத்துப்போகாத நொடியில் அது விழுந்துவிடும். பழைய வீட்டில் மாட்டிய முதல் நாள் அடிக்கடி விழும். உடனே "இது சரியில்ல, கழட்டிருங்க" என்பார்கள். கழற்றாதீர்கள். அது விழுகிறது என்றால் வீட்டில் கசிவு இருக்கிறது, அதைத் தேடிச் சரிசெய்வதுதான் வேலை.

பீஸ் கட்டைகளையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதனால்தானோ என்னவோ அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தில் ஓடும் வயர், அதற்கு மேல் அலுமினிய வயர், அதற்கு மேல் நேற்றுப் போட்ட செம்பு வயர் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும். பீஸ் போனபோதெல்லாம் கைக்குக் கிடைத்த தடிமனான கம்பியைக் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பி உருகாது, சுவருக்குள் வயர்தான் உருகும். பீஸ் கட்டையை எடுத்துவிட்டு, கரண்ட் அளவு மீறினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச் போடுங்கள்.

டெஸ்டர் வைத்து நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பிளக் பாயின்ட்டில் சுவிட்சை அணைத்த பிறகும் ஓட்டையில் டெஸ்டர் எரிந்தால், சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அணைத்துவிட்டோம் என்று நம்பித் தொடுகிற இடத்தில் கரண்ட் இருக்கும். அதற்கு மேல் எதையும் நீங்கள் திறக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

5. பழைய ஹீட்டரை வைத்துக்கொள்ளலாமா?

எர்த் சரியாகும்வரை ஹீட்டரைப் போடவே கூடாது. சரியான பிறகு காயிலிலிருந்து கரண்ட் கசியாமல் காப்பு இருக்கிறதா என்று மெக்கர் என்ற கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். காயிலோ, சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோ மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். டேங்கில் துரு, வெந்நீரில் செம்மண் நிறம், சேஃப்டி வால்வின் நெம்புகோல் அசையாமல் உப்புப் பிடித்துக் கிடப்பது, இவற்றில் இரண்டு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வால்வு அடைத்து, தெர்மோஸ்டாட்டும் வேலை செய்யாத ஹீட்டர் வெடிக்கக்கூடிய பானை. போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி ஓடு கட்டும். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஹீட்டர் போனால் வாளியில் ராட் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் அதைவிட மோசமான சாமான் கிடையாது.

6. புதிது வாங்கும்போது

நம் ஊருக்குப் பெரிய ஹீட்டர் தேவையில்லை. 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 0.6 யூனிட் போதும், 2000 வாட் ஹீட்டருக்கு அது 18 நிமிஷ வேலை. சாரலும் மார்கழியும் தவிர மற்ற மாதங்களில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் தாராளம். நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். சும்மா சூடு காப்பதற்கு நாளைக்கு ஒரு யூனிட் போனால் இரண்டு மாதத்தில் 60 யூனிட், இலவச நூறில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வகை 3000 வாட், அது 13 ஆம்பியர். டி.வி. பாயின்ட்டிலிருந்து இழுக்கக் கூடாது. முன்னதற்கு 2.5, பின்னதற்கு 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் எம்.சி.பி. பெட்டியிலிருந்து தனியாக வர வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து அணைக்கும் 20 ஆம்பியர் சுவிட்சை, விளக்கு வைத்ததாகப் பார்த்து, குளியலறைக்கு வெளியே போடுங்கள்.

புறவாசலில் வெந்நீர் அடுப்பும் செம்புத் தவலையும் இருந்தால் இடிக்காதீர்கள். நாங்கள் தென்னை மட்டையை வைத்து அதையும் எரிக்கிறோம். கரண்ட் இல்லாத மழை நாளில் வேறு வழி இல்லை.

எல்லாம் முடிந்ததும் எம்.சி.பி. பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். எர்த் குழி எங்கே இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை அம்மா அமாவாசை அன்று செய்கிறார்.