கொரோனா நேரத்தில் கல்யாணம்: மண்டபத்தில் முதலில் ஜன்னலைப் பாருங்கள்

பரவல் ஏறும் ஒவ்வொரு முறையும் சென்னை வீடுகளில் கேட்கும் கேள்வி இதுதான்: "புதுசா ஏதோ வந்திருக்காமே, மண்டபத்துக்கு அட்வான்ஸ் வேற கொடுத்தாச்சு, என்ன பண்றது?" வைரஸின் பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் மண்டபத்துக்கு எத்தனை ஜன்னல், அதில் எத்தனை திறக்கும் என்று எண்ணுங்கள்.

கொரோனா பெரும்பாலும் மூச்சோடு வெளிவரும் நுண்துளிகளில் பரவுகிறது. மூடிய அறையில் அவை புகை போல மிதந்து நிற்கும். ஏசி ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், ஆறடி தள்ளி உட்கார்ந்தேன் என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று கண்டது. வெளிக்காற்று வராத அறை. ஏசி அதே காற்றை அந்த மூன்று மேசைகளுக்குள் சுற்றவிட்டது. நம் ஊர் ஸ்பிளிட் ஏசியும் குளிர வைக்குமே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது.

மண்டபம் பார்க்கப் போகும்போது

கையில் இரண்டு ஊதுவத்தி எடுத்துப் போங்கள். ஹால் நடுவில் ஏற்றி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்து வெளியேறினால் நல்லது. தலைக்கு மேல் வட்டமடித்து அங்கேயே நின்றால், ஆட்கள் விடும் மூச்சும் அங்கேதான் நிற்கும்.

பெரிய ஃபேன்கள் சுழன்றால் காற்றோட்டம் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது உள்காற்றைக் கிளறுவது, அவ்வளவுதான். ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கதவோரத்தில், முகம் வெளியே பார்க்க வையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ள, எதிர்ப்பக்கம் புதுக்காற்று வரும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் திறந்தால் ஃபேன் வேலையை அதுவே செய்துவிடும். கூட்டம் வருவதற்கு அரை மணி முன்பே திறக்க வேண்டும். மேடைப் பக்கம் முதியவர்கள் உட்கார்ந்திருக்க, கூட்டத்திலிருந்து மேடையை நோக்கி ஃபேன் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஏர் பியூரிஃபையர் வாங்கி வைத்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஐந்து தடவையாவது காற்று மாற வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம் உள்ள மணமகள் அறை சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 170 கன மீட்டர் சுத்தம் செய்யும் சின்ன கருவியே போதும். அறுபதுக்கு நாற்பது அடி, பதினைந்தடி உயர ஹால் என்றால் ஆயிரம் கன மீட்டருக்கு மேல். அங்கே மணிக்கு 300 கன மீட்டர் கருவி ஒன்று இருப்பது அலங்காரம்தான், பதினேழு வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியே சுமார் 420 காட்டும். உள்ளே 800 தாண்டினால் இன்னும் கதவுகளைத் திறக்கச் சொல்லுங்கள். 1500 ஏறினால் வெளியே வந்துவிடுங்கள். என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு மீட்டர்கள் சானிடைசர் வாசனைக்கே எண்ணை ஏற்றிக் காட்டும். ஹோமம் எரியும்போது மட்டும் எந்த மீட்டரையும் நம்ப வேண்டாம். அந்தத் தீயே கார்பன் டை ஆக்சைடைக் கக்கும்.

பந்தி

முகூர்த்தத்தைவிடப் பந்தியில்தான் ஆபத்து அதிகம். எல்லோரும் மாஸ்க் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து, நாதஸ்வரத்துக்கு மேல் கத்திப் பேசும் இடம் அது. வரிசைகளை எதிரெதிராகப் போடாமல் ஒரே திசை பார்க்கப் போடுங்கள். பந்திக்கும் பந்திக்கும் இடையே இருபது நிமிடம் எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். முதல் பந்தியில்தான் காற்று சுத்தமாக இருக்கும், அதில் வயதானவர்களை உட்கார வையுங்கள். பரிமாறுபவர்களுக்கு என்95 வாங்கிக் கொடுங்கள். வால்வு வைத்தது வேண்டாம், விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே வந்துவிடும். மொட்டை மாடியில் பந்தல் போட முடிந்தால் இந்தக் கவலையில் பாதி போய்விடும், ஆனால் பந்தலை நாலு பக்கமும் துணியால் மூடாதீர்கள்.

ரிசப்ஷனில் போட்டோவுக்காக முக்கால் மணி நேரம் க்யூவில் நெருக்கி நிற்பதைத் தவிர்த்துவிடலாம். மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிளம்பும் முன் டெஸ்ட்

ஆன்டிஜென் டெஸ்ட்டை அன்று காலையில் எடுங்கள். மூன்று நாள் முன்பு எடுத்த நெகட்டிவ் இன்றைக்கு எதையும் சொல்லாது. குச்சியை எவ்வளவு ஆழம் விட வேண்டும், எத்தனை சுற்று, எத்தனை சொட்டு என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், தாளைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குள் டி (டெஸ்ட்) கோடு மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். கிட்டை பொதுவாக 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த கிட்டைத் தூக்கிப் போடுங்கள். தொண்டை கரகரத்தும் நெகட்டிவ் வந்தால், 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்; அதுவரை கல்யாணம் வேண்டாம்.

வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் தெர்மல் ஸ்கேனர் பாராசிட்டமால் போட்டு வந்தவரை உள்ளே விட்டுவிடும். கபசுரக் குடிநீர் பிடித்தால் குடியுங்கள், அதைக் குடித்ததால் தொற்றாது என்று நினைத்துக் கூட்டத்துக்குள் போகாதீர்கள்.

புது உருமாற்றம் வந்தால்?

உருமாறிய வகைகளுக்கு ஆல்ஃபா, டெல்டா போன்ற கிரேக்க எழுத்துப் பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கொண்டுவந்தது. ஒமிக்ரானுக்கு அந்தப் பெயர் 2021 நவம்பர் 26இல் வந்தது. உங்கள் ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டில் வழக்கமாக எந்த வகை என்று இருக்காது. மரபணு வரிசையைப் பார்ப்பது சில மாதிரிகளுக்கு மட்டும். புதுப் பெயர் காதில் விழுந்தால் மூன்று கேளுங்கள்: வேகமாகப் பரவுகிறதா, ஏற்கெனவே வந்தவர்களுக்கும் தடுப்பூசி போட்டவர்களுக்கும் மறுபடி வருகிறதா, ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் கூடுகிறார்களா. முதலில் வந்த வைரஸுக்கு அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆனது. ஒமிக்ரானுக்கு மூன்று நாள் அளவுதான். ஞாயிறு ரிசப்ஷன், புதன்கிழமை தொண்டை வலி. எந்த வகை வந்தாலும் பரவும் வழி மூச்சுக்காற்றுதான், ஜன்னல் வேலை மாறாது.

வந்துவிட்டால்

வடகிழக்கு மழைக் காலமாக இருந்தால் டெங்குவுக்கும் ரத்தப் பரிசோதனை எடுங்கள். அது இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். ஆக்சிமீட்டரை மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிடம் கை அசையாமல் வைத்துப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கினால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் 108.

அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே நீங்கள் பரப்பத் தொடங்கியிருக்கலாம். அந்த நாட்களில் யாரோடு எல்லாம் மூடிய இடத்தில் இருந்தீர்கள் என்று யோசித்துப் போன் செய்யுங்கள். பந்தியில் பக்கத்து இலையில் சாப்பிட்டவருக்கு முதலில், அப்புறம் காரில் கூட வந்தவர்களுக்கு.